முதலில் எந்த டைகர் என்று சொல்

குழு: ஆவடி வீடு

நான்: [படம்]

நான்: மாமா, கிட் வந்துவிட்டது! 1/35 டைகர், அந்த ஜெர்மன் டேங்கின் பிளாஸ்டிக் மாடல். புட்டிப் பசையும் வாங்கி வைத்திருக்கிறேன், ஸிம்மரிட் பூச்சு செய்யத்தான். இன்றைக்கே ஆரம்பிக்கலாமா?

மாமா: அருமை. புட்டியை ஓரமாக வை. எந்த டைகர் செய்யப்போகிறாய்?

நான்: டைகர் 1. பெட்டியிலேயே போட்டிருக்கிறதே மாமா.

மாமா: டைகர் 1 மொத்தம் 1,300-க்கும் மேல் செய்தார்கள். 1942 ஆகஸ்டில் தொடங்கி 1944 ஆகஸ்ட் வரை. அந்த இரண்டு வருடத்தில் தொழிற்சாலையில் மாற்றம் வந்துகொண்டே இருந்தது. டெக்கல் தாளில், அதாவது மாடலில் ஒட்டும் எண்களும் குறிகளும் உள்ள தாளில், என்ன எண் இருக்கிறது?

நான்: 131.

மாமா: அப்படியானால் உனக்கு அதிர்ஷ்டம். அந்த எண் போட்ட டேங்க் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் போவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்தில். ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரே டைகர் 1 அதுதான்.

அக்கா: மாமா, நடுவில் ஒரு கேள்வி. அது என்ன 35-இல் ஒரு பங்கு? 30, 40 என்று வைத்திருக்கலாமே?

மாமா: ஜப்பானில் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டேங்கை மோட்டார் வைத்த கிட்டாகப் போட்டது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்குகிற அளவுக்கு உடம்பை வரைந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அதுவே நிலைத்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன.

அக்கா: பேட்டரி முடிவு செய்த அளவா! சரி, நீங்கள் தொடருங்கள்.

நான்: ஸிம்மரிட் ஏன் வேண்டாம் மாமா? படங்களில் டைகர் என்றாலே அந்த வரிவரியான பூச்சு இருக்கிறதே.

மாமா: அது காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய பசை. 1943-இன் பிற்பாதியில்தான் தொழிற்சாலையில் பூச ஆரம்பித்தார்கள். 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். 131 தயாரானது 1943 பிப்ரவரியில். பிடிபட்டது அதே வருடம் ஏப்ரலில், துனிசியாவில். பூச்சு வருவதற்கு முன்பே அதன் கதை முடிந்துவிட்டது.

மாமா: இரும்பு விளிம்புச் சக்கரமும் 1944-இல் வந்ததுதான். உன் கிட்டில் இரண்டு வகை இருந்தால் ரப்பர் விளிம்பு உள்ளதை எடு. டரட்டின் (பீரங்கி இருக்கும் சுழலும் கூண்டு) மேல் கமாண்டர் நிற்கும் குப்போலா உயரமான டிரம் மாதிரி இருக்க வேண்டும், தாழ்வான வார்ப்பு வகை வேண்டாம். பின்பக்கம் இரண்டு ஃபைஃபெல் காற்று வடிகட்டிகளும் அதன் குழாய்களும் கட்டாயம். தூசிக்காக வைத்தது அது.

நான்: மூன்றும் கிட்டில் இருக்கின்றன. குறித்துவைத்துக்கொண்டேன். ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) அகலத்தையும் அளந்து பார்த்தேன், 21 மி.மீ. கிட்ட வருகிறது.

மாமா: சண்டைக்கு மாட்டும் ட்ராக் 725 மி.மீ. அகலம். 35-ஆல் வகுத்துப் பார், சரியாக இருக்கிறது. ரயிலில் ஏற்றும்போது 520 மி.மீ. குறுகிய ட்ராக்கை மாட்டுவார்கள். அது உனக்கு வேண்டாம்.

தாத்தா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் தகடும் தகடும் சேரும் இடத்தில் வெல்டிங்கே தெரியவில்லையே கண்ணு. வழவழவென்று இருக்கிறது.

நான்: கிட்டில் அப்படித்தான் வந்திருக்கிறது தாத்தா.

தாத்தா: 80, 100 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் யாரும் வெல்டு செய்ய முடியாது. ஆவடியில் விஜயந்தா டேங்கின் ஹல்லுக்கு, அதாவது அடி உடம்புக்கு, நாங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓட்டம் ஓட்டமாகப் போடுவோம். கடைசி ஓட்டம் மேலே மேடாகத் தெரியும். கையால் தடவினாலே யார் போட்டது என்று சொல்லிவிடலாம். அது இல்லாத டேங்க் எனக்கு டேங்காகவே தெரியாது.

மாமா: அப்பா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள். டைகரில் தகடுகளைப் படிப்படியாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து, அதன் மேல் வெல்டு செய்திருக்கிறார்கள். அந்தக் கோடு முன்பக்கம் நன்றாகத் தெரியும். பாகங்கள் மாட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்தி மேல் இளக்கி மெல்லிய நூலாக இழு. மூட்டில் வைத்துப் பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசையைத் தடவு. ஊறியதும் கத்தி முனையால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போ.

தாத்தா: அழுத்தும் குறி எல்லாம் ஒரே அளவாக இருக்கக் கூடாது. கை போட்ட வெல்டு அது.

நான்: டரட்டின் பின்பக்கமும் போடட்டுமா?

மாமா: அங்கே வேண்டாம். டரட்டின் இரண்டு பக்கமும் பின்புறமும் ஒரே தகடு. 80 மி.மீ. தகட்டைக் குதிரை லாட வடிவில் வளைத்துவிட்டார்கள். அங்கே மூட்டே கிடையாது.

தாத்தா: 80 மி.மீ. தகட்டை வளைத்தார்களா? அந்தப் பிரஸ்ஸை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

அம்மா: மெழுகுவத்தி, சிமெண்ட் எல்லாம் பால்கனியில் வைத்துக்கொள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதே. அந்தச் சிமெண்ட் தீப்பிடிக்கும்.

நான்: சரி அம்மா.

சித்தி: நான் கேட்பதைத் தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா. ஹிட்லர் படையின் டேங்கைச் செய்து ஹாலில் வைப்பதா? எத்தனை பேரைக் கொன்ற கூட்டம் அது. பிள்ளைக்கு விஜயந்தாவோ வேறு எதுவோ வாங்கிக் கொடுத்திருக்கலாமே.

மாமா: நியாயமான கேள்வி. நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அழகுக்காக, வீரத்துக்காக என்று இதைச் செய்தால் எனக்கும் பிடிக்காது. தாக்கிப் பாயும் போஸில் நான் செய்யவே மாட்டேன். ஆனால் 131-இன் கதை அது தோற்ற கதை. பிரிட்டிஷ் 6 பவுண்டர் பீரங்கியின் குண்டு ஒன்று டைகரின் பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தில் பட்டு, கீழ்நோக்கித் திரும்பி, டரட் சுழலும் வளையத்தில் சிக்கிக்கொண்டது. டரட் அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் டேங்கை அழிக்காமல் விட்டுவிட்டு இறங்கி ஓடினார்கள். பிரிட்டிஷ் படைக்கு முழு டைகர் கிடைத்தது. சர்ச்சிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் துனிசில் வந்து பார்த்தார்கள். பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பிரித்து அளந்தார்கள்.

மாமா: இன்னொன்றும் உண்டு. அதே துனிசியப் போரில் 4-ஆவது இந்திய டிவிஷன் இருந்தது. அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் இருந்தது. கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவது அவர்கள் வேலை. நம் பக்கத்து ஆட்கள். 1943 மே 12-இல் ஜெர்மன் தளபதி ஆர்னிம் சரணடைந்தது அந்த டிவிஷனிடம்தான்.

சித்தி: இது எனக்குத் தெரியாது. அப்படியானால் அதையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி மாடலின் கீழே வைக்கச் சொல்லுங்கள். வருகிறவர்கள் டேங்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

நான்: வைக்கிறேன் சித்தி. ஸ்வஸ்திகாவும் வராது. டெக்கல் தாளில் கறுப்பு வெள்ளைச் சிலுவைதான் இருக்கிறது.

மாமா: டேங்கின் பக்கவாட்டில் போட்டது அந்தச் சிலுவையைத்தான். சரி, இப்போது நீ முடிவு செய்ய வேண்டியது நாள். அடிபடுவதற்கு முன்பா, பின்பா?

நான்: அது அவ்வளவு முக்கியமா மாமா?

மாமா: எல்லாமே அதில்தான் இருக்கிறது. குண்டு பட்ட தழும்பைச் செதுக்கினால் டரட்டுக்குள் ஜெர்மன் ஆள் இருக்க முடியாது, டரட்டும் திரும்பாது. கமாண்டரை வைத்தால் தழும்பு இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் நடக்காத ஒரு நாளைச் செய்ததாக ஆகும். பெட்டிப் படத்தை நம்பாதே, அந்த நாளின் புகைப்படத்தை நம்பு. அருங்காட்சியகப் படத்தைக்கூடக் கவனமாகப் பார், எண்பது வருடத்தில் எத்தனையோ கை பட்டிருக்கிறது.

நான்: பிடிபட்ட பிறகு. ஆள் யாரும் இல்லாமல், மூடிகள் திறந்து கிடக்கிற மாதிரி.

மாமா: நல்ல முடிவு. தேதியைப் பொறுத்தவரை, நெடுநாள் ஏப்ரல் 21, ஜெபல் ஜாஃபா என்றுதான் எழுதிவந்தார்கள். பிற்கால ஆய்வு ஏப்ரல் 24, குவெரியாத் எல் அத்தாஷ் குன்று என்கிறது. சுற்றியிருந்த நிலத்தையும் புகைப்படத்தையும் ஒப்பிட்டுச் சொன்னது, நான் அதையே எடுத்துக்கொள்வேன்.

நான்: அப்போ கீழே மணல்மேடு வைக்க வேண்டும், பாலைவனம்.

மாமா: அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வட துனிசியா சகாரா இல்லை. மெஜெர்தா ஆற்றுப் பக்கம் ஏப்ரலில் கோதுமை வயலும் புல் குன்றுமாக இருக்கும். பச்சைப் புல் வை, இடையிடையே காட்டுப்பூ வை. ட்ராக் போன இடத்தில் மட்டும் மண் தெரியட்டும்.

நான்: துரு நிறைய அடிக்கலாம் இல்லையா? வீடியோக்களில் அதுதான் அழகாக இருக்கிறது.

மாமா: பிப்ரவரியில் தயாராகி ஏப்ரலில் பிடிபட்ட வண்டிக்கு வயது இரண்டு மாதம். ஆழமான துரு எங்கிருந்து வரும்? புகைபோக்கியில் சூட்டால் துரு வரும், அங்கே அடி. மற்ற இடமெல்லாம் தூசி, ஏறி இறங்கும் இடத்தில் தேய்மானம், ட்ராக்கில் தரையில் பட்டு மின்னும் இரும்பு. அவ்வளவு போதும்.

தாத்தா: புது டேங்க் டெஸ்ட் ஓட்டத்துக்குப் போய் வந்தாலே ட்ராக் பளபளக்கும். அது உண்மை.

நான்: பெயிண்ட்? கடையில் ஜெர்மன் அடர் மஞ்சள் கொடுத்தார்கள்.

மாமா: அதைப் பத்திரமாக வை, அடுத்த மாடலுக்கு ஆகும். அந்த அடர் மஞ்சளுக்கு உத்தரவு வந்ததே 1943 பிப்ரவரியில்தான். 131-க்கு ஆப்பிரிக்காவுக்கான நிறம், ஜெர்மன் நிறப் பட்டியலில் ஆர்.ஏ.எல். 8000. மஞ்சள் கலந்த பழுப்பு. பாட்டிலில் இருக்கும் பெயிண்டை அப்படியே அடித்தால் சின்ன மாடலில் கருத்துத் தெரியும், கொஞ்சம் வெளிறச் செய்துகொள். மழை நாளில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்காதே, சென்னை ஈரத்தில் மங்கிப்போகும்.

நான்: சரி மாமா. ஒரு பக்கம் ட்ராக்குக்கு 96 லிங்க். இரண்டு பக்கமும் சேர்த்து 192. இன்றைக்கு அதை வெட்டத் தொடங்குகிறேன்.

தாத்தா: லிங்க்கை என்னிடம் பாதி கொடு. மதியம் நான் சும்மாதான் இருக்கிறேன்.

மாமா: எண் 131 சிவப்பு, ஓரம் வெள்ளை. டெக்கல் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடு, இல்லையென்றால் அடியில் காற்று நின்று வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் படம் போடு.