புதுப்பிப்பு: தாளைத் தாண்டி ஓடிய வட்டம்

பிளஸ் டூ படிக்கும் மகள் எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0 என்ற வட்டத்தை வரைந்தால் வரைபடத்தாளுக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். பாதி சரி.

நேற்று தக்கலையில் நல்ல மழை, கரண்டும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினோம். (எக்ஸ் − 3)² + (ஒய் + 2)² = 25 வரை சரியாகத்தான் வந்திருக்கிறாள். மையத்தைத்தான் (−3, 2) என்று குறித்துவிட்டாள்; (3, −2) அல்லவா வர வேண்டும்! ஆனால் அது வட்டத்தை இடம் மாற்றும், அவ்வளவுதான். தாளைத் தாண்ட வைத்தது அந்த 25. அது ஆரத்தின் வர்க்கம். அதையே ஆரமாக எடுத்திருக்கிறாள். ஆரம் வெறும் 5.

"வர்க்கமூலம் எடுக்கலியா மக்களே?" என்றேன். முறைத்தாள்.

மையத்திலிருந்து நாலு பக்கமும் 5 கட்டம் எண்ணி (8, −2), (−2, −2), (3, 3), (3, −7) குறித்தோம். அப்புறம் பக்கங்கள் 3, 4, 5 ஆக உள்ள செங்கோண முக்கோணம் கைகொடுத்தது: வலப்பக்கம் 3 கட்டம், மேலே 4 போனால் (6, 2). இப்படி மாற்றி மாற்றி எட்டுப் புள்ளி கிடைத்தது. காம்பஸின் திருகு லூசு, பென்சில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு புள்ளியையும் கையாலேயே இணைத்துவிட்டாள். கொஞ்சம் கோழிமுட்டை மாதிரிதான் இருக்கிறது.