மறு: ஸ்கைலைன் – வான்விளிம்பா, நகர்முகடா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு நகரத்தின் கட்டடங்கள் வானத்தின் எதிரே வரையும் கோட்டை ஆங்கிலத்தில் ஸ்கைலைன் என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற இந்த இழை நீண்டுவிட்டது. வான்விளிம்பு, வான்வரை, வானக்கோடு, கட்டட வரிசை, நகர்முகடு என்று ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் ஓட்டு நகர்முகட்டுக்கு. ஒரு சொல் தேறுமா என்று பார்க்க அகராதி மட்டும் போதாது, அதைப் போட்டு நாலு பத்தி எழுதிப் பார்க்க வேண்டும். நியூயார்க்கையும் சிகாகோவையும் ஒப்பிட்டு எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து சில பகுதிகள் கீழே.

> வான்விளிம்பு என்றாலே புரிகிறதே ஐயா, புதிதாக எதற்கு?

புரிகிறது, ஆனால் புரிவது வேறொன்று. சிகாகோவில் ஆட்லர் கோளரங்கம் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டில் இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் மிச்சிகன் ஏரி, அதற்கு அப்பால் நீரும் வானும் சேரும் கோடு. அதுதான் வான்விளிம்பு, அடிவானம், தொடுவானம் என்றும் சொல்கிறோம். அப்படியே திரும்பி வடமேற்கே பார்த்தால் வில்லிஸ் கோபுரம், ஏயான் மையம், தூரத்தில் முன்பு ஜான் ஹான்காக் எனப்பட்ட கோபுரம் என்று வரிசையாக எழுந்து நிற்கிறது. ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம் என்றால் இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும்?

வான்வரை அழகான சொல்தான். பழந்தமிழில் 'வரை' மலையையும் குறிக்கும், கோட்டையும் எல்லையையும் குறிக்கும். மூன்றும் இங்கே பொருந்துகின்றன. ஆனால் "சிகாகோவின் வான்வரை" என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் "வானம் வரைக்கும்" என்றுதான் படிப்பார்கள், மீதிப் பேர் அச்சுப்பிழை என்பார்கள். கட்டட வரிசை என்பது தெருவோரம் நிற்கும் நாலு வீட்டுக்கும் பொருந்தும். வானக்கோட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வான்விளிம்பு, வான்வரை, வானக்கோடு மூன்றுக்கும் உள்ள பொதுவான குறை, வானத்திலிருந்து தொடங்குவது. அந்தக் கோட்டை வானம் வரைவதில்லை. மண், சட்டம், பணம், வழக்கு எல்லாம் சேர்ந்து வரைகின்றன.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். 1915-இல் பிராட்வேயில் ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடியுடன் தெருவோரத்திலிருந்து நேர்குத்தாக எழுந்தது. அக்கம்பக்கத்து மனைகளில் வெயிலே விழவில்லை என்று கூச்சல் கிளம்பியது. மறு ஆண்டே, 1916-இல், எங்கே எப்படிக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டலச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும். மனையின் கால் பங்குப் பரப்பில் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். 1930-இன் கிறைஸ்லர், 1931-இன் எம்பயர் ஸ்டேட் இரண்டும் மேலே போகப் போக ஒடுங்குவதற்கு இந்தச் சட்டம் முக்கியக் காரணம். கட்டடக் கலைஞர்களின் ரசனையும் உண்டு, மறுக்கவில்லை.

சிகாகோவிலும் படிகள் உண்டு, ஆனால் அந்தக் கதை வேறு. இன்று வில்லிஸ் என்று அழைக்கப்படும் சியர்ஸ் கோபுரம் (1974, 442 மீட்டர்) ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டுப்போட்டு நிறுத்தியது போன்ற அமைப்பு. 50-ஆம் மாடியில் இரண்டு குழாய்கள் நின்றுவிடுகின்றன, 66-இல் இன்னும் இரண்டு, 90-இல் மூன்று. கடைசி இரண்டு மட்டும் உச்சிவரை போகின்றன. இந்த அமைப்பை வகுத்த பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். காற்றின் தள்ளுவிசையைச் சமாளிக்க வேண்டும். சியர்ஸ் நிறுவனத்துக்குக் கீழ் மாடிகளில் அகலமான தளங்களும், வாடகைக்கு விட மேலே சிறிய தளங்களும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வந்த விடை அது.

> முகடு என்பது இயற்பியலில் அலையின் உச்சி. அது ஒரு புள்ளி அல்லவா? ஸ்கைலைன் ஒரு கோடு.

நல்ல கேள்வி, அம்மா. ஆனால் வீட்டுக் கூரையின் முகடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும் கோடுதானே. மலைமுகடும் அப்படியே. அப்புறம், நீங்கள் இயற்பியலை இழுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. பாடநூலில் முகட்டுக்கு ஜோடி அகடு, அதாவது அலையின் பள்ளம். நியூயார்க்கின் கோபுரங்கள் நிற்கும் தீவான மன்ஹாட்டனைப் பற்றி எழுத அகடு இல்லாமல் முடியாது.

ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சிப் பக்கம் நின்று பார்த்தால் மன்ஹாட்டன் இரண்டு முகடாகத் தெரியும். தெற்கே வால் ஸ்ட்ரீட் பக்கம் ஒன்று, வடக்கே மிட்டவுனில் ஒன்று, நடுவே கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் பள்ளம். அடிப்பாறை இரண்டு முனைகளிலும் மேலாக இருக்கிறது, நடுவில் ஆழத்துக்குப் போய்விடுகிறது, அதனால்தான் இந்த வடிவம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். ஜேசன் பார் என்ற பொருளியலாளர் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து பழைய கட்டடங்களின் இடங்களையும் பாறையின் ஆழத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பாறை பெரிய காரணம் இல்லை என்றார். வடக்கே பரவிய குடியிருப்பு, கூடவே போன கடைகள், ரயில் நிலையங்கள், இவைதான் மிட்டவுனை உயர்த்தின.

இதற்குச் சிகாகோவே சாட்சி. நகர மையத்தில் களிமண்தான், பாறையைத் தொட நூறு அடிக்கு மேல் இறங்க வேண்டும். 1890-களிலேயே கிணறு தோண்டுவதுபோல ஆளிறங்கித் தோண்டிக் கான்கிரீட் நிரப்பும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாறை ஆழத்தில் இருந்தால் செலவு கூடும், கட்டடம் நிற்காமல் போகாது.

ஆனால் சிகாகோவின் முகடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் கட்டியவை அல்ல, கட்டாமல் விட்டவை. ஏரிக்கரை நிலம் என்றென்றும் வெற்றிடமாக இருக்க வேண்டும், கட்டடம் கூடாது என்று 1836-இலேயே வரைபடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மான்ட்கோமரி வார்டு என்ற வணிகர் 1890-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார். ஊரில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வசவுதான். ஆனால் அந்த ஏரிக்கரை நிலத்தில் உள்ள கிராண்ட் பூங்கா பிழைத்தது. இன்று பூங்காவுக்குப் பின்னால் மிச்சிகன் அவென்யூ ஒரு மதில்போல நிற்கிறது, அதற்குப் பின்னால் கோபுரங்கள் ஏறுகின்றன. மன்ஹாட்டனின் முகட்டைப் பார்க்கத் தீவைவிட்டு வெளியே போய், புரூக்ளினிலோ நியூ ஜெர்சியிலோ நிற்க வேண்டும்; சிகாகோவில் ஊர்ப் பூங்காவிலேயே நின்று பார்க்கலாம். எது மேல் என்று கேட்டால் எனக்குச் சிகாகோதான். நியூயார்க்கில் கூட்டம் அதிகம், ஒன்றை ஒன்று மறைக்கிறது.

> அலைக்கம்பம் (ஆன்டெனா), கூர்முனை (ஸ்பைர்) எல்லாம் முகட்டில் சேருமா?

கண்ணுக்குச் சேரும், கணக்குக்கு எப்போதும் சேராது. இந்த இரண்டு ஊருக்குமே இதில் ஒரு வழக்கு உண்டு. நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டரின் கூரை 417 மீட்டர். மேலே உள்ள கம்பத்தோடு 541 மீட்டர், அதாவது 1776 அடி, அமெரிக்க விடுதலை ஆண்டு. கூரையை மட்டும் பார்த்தால் வில்லிஸ்தான் உயரம். உயரமான கட்டடங்களுக்கான சர்வதேச மன்றம் 2013-இல் அந்தக் கம்பம் கூர்முனைதான், கட்டடத்தின் பகுதிதான் என்று தீர்ப்புச் சொன்னது. வில்லிஸின் உச்சியில் உள்ள இரட்டைக் கம்பங்களோ அலைக்கம்பங்கள், கணக்கில் வராது. அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம் என்ற பட்டம் நியூயார்க் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த மன்றத்தின் தலைமையகம் சிகாகோவில் இருக்கிறது.

> நகர்முகடு வினைத்தொகையாகவும் வருமே. நகர்கின்ற முகடு?

வரும். ஆனால் நகர்மன்றத்தை யாரும் நகர்கின்ற மன்றம் என்று படிப்பதில்லை, நகர்ப்புறமும் அப்படியே. போகட்டும், நியூயார்க்கைப் பொறுத்தவரை அந்தப் பொருளும் தப்பில்லை. பக்கத்து மனைகள் பயன்படுத்தாத வான்வெளி உரிமையை, அதாவது மேலே கட்டும் உரிமையை, விலைக்கு வாங்கி அடுக்கியதில், 57-ஆம் தெருப் பக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் புதிதாக ஒரு முகடே முளைத்துவிட்டது. 432 பார்க் அவென்யூ 426 மீட்டர், சென்ட்ரல் பார்க் டவர் 472 மீட்டர். இரட்டை முகடு என்று மேலே எழுதியதை இன்னும் எத்தனை நாள் எழுத முடியும் என்று தெரியவில்லை.

ஆக, நம் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு: ஸ்கைலைன் – நகர்முகடு. வேற்றுமையில் நகர்முகட்டை, நகர்முகட்டில். கட்டடமில்லாத மலைப்பகுதிக்கு மலைமுகடு. வான்விளிம்பை அடிவானத்துக்கே விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. 1916 சட்டத்தில் வரும் செட்பேக்குக்கு என்ன சொல் போடுவது? கட்டட அனுமதி வேலையில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு. உங்கள் அலுவலகங்களில் செட்பேக் என்றால் தரையில் மனையைச் சுற்றி விடும் காலி இடம். நான் கேட்பது உயரத்தில் உள்வாங்குவது. 'படியொடுக்கம்' சரிப்படுமா, சொல்லுங்கள்.