புதுப்பிப்பு: ட்ரெய்லர் வேலையில் சேர்ந்துவிட்டேன்

கண்டெய்னர் லாரியை விட்டுவிட்டு பிளாட்பெட் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத தட்டையான) ட்ரெய்லருக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, பாதிப் பேர் "வேண்டாம்பா, லோடு கட்டியே இடுப்பு போயிடும்" என்றீர்கள். சேர்ந்துவிட்டேன். சங்ககிரி வண்டி, பெரும்பாலும் கர்நாடகாவில் தோரணகல்லில் ஸ்டீல் காயில் (பெரிய உருளையாகச் சுருட்டிய இரும்புத் தகடு) ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இறக்குவது.

இடுப்பு விஷயம் உண்மைதான். கண்டெய்னரில் சீலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம், இங்கே ஒரு காயிலே இருபது டன் வரை வரும், இரண்டு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்து, நடு ஓட்டை வழியாக செயினை விட்டு இறுக்கி, அதற்கு மேல் மழைக்குத் தார்ப்பாய். கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தித் திரும்ப இறுக்கணும், கட்டை அழுந்தி உட்கார்ந்ததும் செயின் தொளதொளத்துவிடும். கூட வரும் சீனியர் அண்ணன் செயினைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே "இன்னும் கொஞ்சம் ஏத்து தம்பி" என்கிறார். எனக்கு இன்னும் அந்தக் காது வரவில்லை.

தூக்கம் பற்றிக் கேட்டவர்களுக்கு: சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதெல்லாம் காகிதத்தில். இ-வே பில் (சரக்கோடு கொண்டுபோகும் ஜிஎஸ்டி சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது, அதனால் அவசரம் அங்கிருந்து வருவதில்லை, இறக்குமிடத்தில் வரிசை பிடிக்கத்தான் இந்த ஓட்டம். ஏசி? 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்குத்தான் கட்டாயம், நம்முடையது பழசு, ஜன்னல் காற்றுதான்.

படி (டிரைவர் பேட்டா) கண்டெய்னரைவிடக் கூடுதல், அதுவும் லோடு இறக்கியதும் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்து விசாகப்பட்டினம் லைன் கேட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் ஓட்டுபவர்கள் இருந்தால் ராத்திரி வண்டி நிறுத்த நல்ல இடம் சொல்லுங்க.