12 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர்களால் 5 வோல்ட்டாகக் குறைத்தேன்; ரிலேவை இணைத்ததும் 0.12 வோல்ட் மட்டுமே வருகிறது, ஏன்?

கேள்வி: புதுச்சுற்று

வணக்கம். ஓம் விதியைப் பள்ளியில் படித்ததோடு சரி. இப்போதுதான் பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகளைச் செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மணி ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஒரு மிதவை சுவிட்சையும் 5 வோல்ட் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றையும் வாங்கினேன். என்னிடம் இருப்பதோ 12 வோல்ட் அடாப்டர். பிற்பாடு அதன் இடத்தில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை வைக்கும் எண்ணமும் உண்டு. ஆகவே 6.8 கிலோஓம், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடரிணைப்பில் வைத்து, 4.7 கிலோஓமின் இரு முனைகளிலிருந்து மின்னழுத்தத்தை எடுத்தேன். 12 × 4.7 ÷ 11.5 என்ற கணக்குப்படி 4.9 வோல்ட் வர வேண்டும்; மல்டிமீட்டரும் அதையே காட்டியது. ஆனால் ரிலேயின் காயிலை, அதாவது அதன் கம்பிச்சுருளை, அந்த முனைகளில் இணைத்ததும் மீட்டர் 0.12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. ரிலே அசையவே இல்லை. காயிலைத் தனியே அளந்தால் 70 ஓம் இருக்கிறது. 4.9 ÷ 70 என்றால் 70 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் அல்லவா? அடாப்டர் 1 ஆம்பியர் வரை தரக்கூடியது. அப்படியிருக்க, ஓம் விதி இங்கே ஏன் பொய்த்துப்போகிறது?

பதில் 1: தடைக்கல்

பொய்த்துப்போகவில்லை, மீட்டர் காட்டிய 0.12 வோல்ட் என்பதே ஓம் விதி சொல்லும் விடைதான். 12 × 4.7 ÷ 11.5 என்ற கணக்கு, அந்த முனைகளில் வேறெதுவும் இணைக்கப்படாதபோது மட்டுமே செல்லும். காயிலை இணைத்த கணத்திலிருந்து அதுவும் சுற்றில் ஒரு தடை. 4.7 கிலோஓமும் 70 ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்து ஏறத்தாழ 69 ஓம் ஆகின்றன. இப்போது 12 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்பவை 6800 ஓமும் இந்த 69 ஓமும்தான். 12 × 69 ÷ 6869 என்று போட்டுப் பாருங்கள், 0.12 வரும். காயிலில் ஓடுவது 1.7 மில்லி ஆம்பியர். அதற்குத் தேவையோ 70.

அடாப்டர் 1 ஆம்பியர் தரும் என்பது இங்கே உதவாது. ஏனெனில் காயிலுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் 6.8 கிலோஓமைக் கடந்தே வர வேண்டும். காயிலை எடுத்துவிட்டு, அது இருந்த இரு முனைகளையும் ஒரு கம்பியால் நேராக இணைத்துவிட்டாலும்கூட 12 ÷ 6800, அதாவது 1.76 மில்லி ஆம்பியருக்கு மேல் அந்த ரெசிஸ்டர் விடாது.

மீட்டர் மட்டும் ஏன் சரியாகக் காட்டியது என்று நீங்கள் கேட்கக்கூடும். மீட்டரும் ஒரு சுமைதான், அதாவது அதுவும் சுற்றிலிருந்து மின்னோட்டத்தை எடுக்கும். ஆனால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால், 4.7 கிலோஓமுக்குப் பக்கத்தில் அது இருப்பதே சுற்றுக்குத் தெரியாது.

ஒவ்வொரு முறையும் பக்க இணைப்பைக் கணக்கிடுவது சலிப்பாக இருந்தால், பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் தெவினின் 1883-இல் வெளியிட்ட தேற்றம் கைகொடுக்கும். வெளியிலிருந்து பார்க்கும் சுமைக்கு, உங்கள் அடாப்டரும் இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து, 2.78 கிலோஓம் அகமின்தடை (உள்ளேயே இருக்கும் தடை) கொண்ட ஒற்றை 4.9 வோல்ட் பேட்டரியாகவே தோன்றும். அந்த 2.78 என்பது 6.8-உம் 4.7-உம் பக்க இணைப்பில் தரும் தடை. 70 ஓம் காயில் அதற்கு முன் என்ன செய்ய முடியும்?

பதில் 2: சாலிடர்புகை

அப்படியானால் தீர்வு எளிதுதானே? விகிதத்தை மாற்றாமல் இரண்டு ரெசிஸ்டர்களையும் நூறில் ஒரு பங்காகக் குறைத்து 68 ஓம், 47 ஓம் என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

பதில் 3: தடைக்கல்

போதாது. 47 ஓமும் 70 ஓமும் பக்க இணைப்பில் 28.1 ஓம் ஆகும். ஆகவே காயிலுக்குக் கிடைப்பது 3.5 வோல்ட். இவ்வகைச் சிறு ரிலேக்களுக்கு, உறுதியாக இழுத்துப் பிடிக்கக் குறிக்கப்பட்ட மின்னழுத்தத்தில் 75 விழுக்காடு, அதாவது 3.75 வோல்ட் தேவை என்று தரவுத்தாள்கள் கூறுகின்றன. ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது என்னும் நிலை, அறவே இழுக்காத நிலையைவிடத் தொல்லையானது. அதோடு, 68 ஓம் ரெசிஸ்டரில் 1 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் எழும். கடைகளில் கேட்காமலே கொடுக்கும் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். ரிலே இணைக்கப்படாத வேளையிலும் 104 மில்லி ஆம்பியர் வீணாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பேட்டரிக்கு இது ஒவ்வாது.

உங்கள் சுமை மாறாத 70 ஓம் என்பதால், கீழ் ரெசிஸ்டரே வேண்டியதில்லை. காயிலுக்குத் தொடராக ஒரு 100 ஓம் வையுங்கள். 12 ÷ 170 என்பது 70.6 மில்லி ஆம்பியர்; காயிலில் 4.94 வோல்ட் விழும். அந்த 100 ஓமில் அரை வாட் செலவாகும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறுவதால் அது 0.7 வாட்டைத் தாண்டும். ஆகவே 2 வாட் ரெசிஸ்டராகவே கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், அந்த ரிலேவைப் பெட்டியில் போட்டுவிட்டு அதே அளவில் 12 வோல்ட் ரிலே ஒன்றை வாங்குவேன். அதன் காயில் 400 ஓம். 30 மில்லி ஆம்பியரில் வேலை முடிந்துவிடும்.

எந்த ரிலேயாக இருந்தாலும் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடை (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு), அதன் வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி வைக்க மறவாதீர்கள். மிதவை சுவிட்ச் திறக்கும்போது காயில் தன் மின்னோட்டத்தை விட மறுத்து உயர் மின்னழுத்தத்தை எழுப்பும். டையோடு இல்லாவிட்டால் சுவிட்சின் முனைகளில் பொறி பறந்து அவை விரைவில் தேய்ந்துபோகும்.

பதில் 4: பழங்கம்பி

தொடர்புடைய ஒரு செய்தி. மின்சாரம் தரும் மூலத்தின் அகமின்தடை கணக்கைக் குழப்புவது, ஓம் விதியைக் கண்ட அறிஞர் ஓமுக்கே நேர்ந்த தொல்லை. 1825-இல் அவர் வோல்ட்டா வகை மின்கலங்களைக் கொண்டு செய்த அளவீடுகள் நிலைகொள்ளவில்லை. மின்கலத்தின் திறன் சோதனைக்கு நடுவிலேயே மாறிக்கொண்டிருந்தது. இயற்பியலாளர் பொக்கெண்டார்ஃப் கூறிய யோசனையின்படி அவர், வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். பிஸ்மத், செம்பு ஆகியவற்றின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மின்னழுத்தம் மிகச் சிறிதாக இருந்தாலும் அசையாமல் நிற்கும். அதன் பிறகே அளவீடுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827-இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டில், கம்பியின் தடையோடு மூலத்தின் தடையையும் சேர்த்தே கணக்கிட்டிருந்தார். நாம்தான் பள்ளிப் பாடத்தில் இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

கேள்வியாளர்: புதுச்சுற்று

மிக்க நன்றி ஐயா. 12 வோல்ட் ரிலேவையே வாங்கிவிடுகிறேன். ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது: இப்படி இரண்டு ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரிப்பதற்குப் பயனே இல்லையா? பேட்டரியின் நிலையை ஆர்டுயினோ ஊனோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் அளக்க, இதே 6.8-ஐயும் 4.7-ஐயும் பயன்படுத்தலாமா?

பதில் 5: தடைக்கல்

அளப்பதற்குத்தான் அது உரியது. ஊனோவின் அனலாக் உள்ளீடு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகச் சொற்பம். மூலத்தின் தடை 10 கிலோஓமுக்குள் இருந்தால் போதும். ஆனால் உங்கள் கைவசமுள்ள இணையை அப்படியே வைக்காதீர்கள். பேட்டரி 14.4 வோல்ட்டில் இருக்கும்போது அது 5.9 வோல்ட்டைக் கொடுக்கும். 5 வோல்ட்டில் இயங்கும் அந்தச் சில்லின் உள்ளீட்டுக்கு அது கேடு. மேலே 10 கிலோஓம், கீழே 4.7 கிலோஓம் என்று மாற்றினால் 14.4 வோல்ட்டில் 4.6 வோல்ட்தான் வரும். மூலத் தடையும் 3.2 கிலோஓமில் நிற்கும். பேட்டரியிலிருந்து ஓயாமல் கசியும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

ஊனோவுக்கோ வேறு எதற்கோ 5 வோல்ட் மின்சாரமே வேண்டுமென்றால், சுமை மாறினாலும் 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 ரெகுலேட்டரோ, மின்னழுத்தத்தை இறக்கித் தரும் எல்எம்2596 மாட்யூலோ போடுங்கள். 7805, எஞ்சும் 7 வோல்ட்டை வெப்பமாகவே கழிக்கும். 70 மில்லி ஆம்பியருக்கு அது அரை வாட்தான், அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட் ஆகி ஹீட் சிங்க் கேட்கும். மாட்யூலை வாங்கினால், எதையும் இணைப்பதற்கு முன் அதிலுள்ள திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்கு வைத்து, மீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.