கடையில் டாலடித்த கல், வீட்டில் ஏன் மங்கியது? வைரம் வாங்கியவர்களின் அனுபவங்கள்

நான் முதலில் வாங்கிய ஒரு காரட் வைரத்துக்கு நிறம் இ, தூய்மை விவிஎஸ்1, இரண்டுமே உயர்ந்த தரங்கள். சர்ட்டிபிகேட்டில் அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே மனம் குளிர்ந்துவிட்டது. கடையில் தலைக்கு மேல் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், கல் டாலடித்தது. வீட்டுக்கு வந்து, மேகமூட்டமான ஒரு மதியம் ஜன்னலோரம் விரலை நீட்டினேன். கல்லின் நடுவில் ஆணித்தலை போல வட்டமாக ஒரு கறுப்பு. துடைத்தேன், ஊதினேன், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போகவில்லை.

அப்புறம்தான் காகிதத்தை முழுதாகப் படித்தேன். கட், அதாவது பட்டை தீட்டிய நேர்த்தி, என்ற இடத்தில் 'குட்' என்று இருந்தது. நல்லது என்றுதானே பொருள், ஆனால் அது ஐந்து படிகளில் மூன்றாவது. மேலே எக்சலன்ட், வெரி குட் என்று இரண்டு இருக்கின்றன. கல்லின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அடிப்பக்கச் சரிவு, அதாவது பெவிலியன் கோணம், 43 டிகிரி. எடையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு காரட் உருண்டை வைரம் பொதுவாக 6.4, 6.5 மில்லிமீட்டர் அகலம் காட்டும், என்னுடையது 6.2தான்.

உள்ளே நுழையும் ஒளி அடிப்பட்டையில் பட்டு, எதிர்ப்பட்டையில் பட்டு, மேலே திரும்பி வந்தால்தான் கண்ணுக்கு மினுக்கம். சரிவு அதிகமானால் முதல் பட்டையில் திரும்பிய ஒளி இரண்டாவது பட்டை வழியாகக் கீழே ஒழுகிவிடும். சரிவு குறைந்தாலும் கெடுதல்தான்: கல்லின் இடுப்பு விளிம்பு உள்ளே பிரதிபலித்து, மீன் கண் மாதிரி வெள்ளை வளையம் தெரியும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பெல்ஜியப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்ன கோணங்கள் மேலே 34.5, கீழே 40.75. இன்றைக்கும் நல்ல உருண்டைக் கற்கள் அதை ஒட்டித்தான் வருகின்றன.

இரண்டாவது கல்லுக்கு நிறம் ஜி, தூய்மை விஎஸ்2. காகிதத்தில் முதல் கல்லைவிடக் கீழே. ஆனால் டேபிள், அதாவது மேல்தட்டின் அகலம், 56 சதவீதம், உயரம் 61.5, மேல்கோணம் 34.5, கீழ்க்கோணம் 40.8, கட் எக்சலன்ட். இந்த முறை மூன்று கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். விளக்கடியில் அரை நிமிடம்தான் பார்த்தேன். அப்புறம் ஜன்னல் வெளிச்சம், அப்புறம் மேசைக்குக் கீழே நிழல். நிழலில் இரண்டு கற்கள் சாம்பல் பூத்துப்போயின. ஒன்று மட்டும் விளிம்புவரை வெள்ளையாக நின்றது. மெல்ல அசைத்தபோது ஒரு பட்டை கறுத்தால் பக்கத்துப் பட்டை வெளுத்தது, அது கறுத்தால் இது வெளுத்தது. அதைத்தான் எடுத்தேன்.

* * *

அக்கா, நான் கல் பதிக்கும் வேலையில் இருப்பவன். நிழலில் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் சரியான சோதனை. கடை விளக்கு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி ஒளி. அதில் எந்த வைரமும் வானவில் தெறிக்கும், சுமார் கல்கூட. பரவலான வெளிச்சத்தில் வண்ணம் அடங்கி வெண்மை மட்டும் மிஞ்சும். கல்லின் குணம் அங்கேதான் தெரியும். அதற்காக நட்டநடு வெயிலில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நேர் வெயிலில் நல்ல வைரமும் கறுத்து, நடுவே பொறி பொறியாகத்தான் அடிக்கும்.

வண்ணம் கூடினால் நல்ல வைரம் என்றும் நினைக்க வேண்டாம். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் அளவு வைரத்துக்கு 0.044, வைரம் போலவே தோன்றும் மாய்சனைட் என்ற கல்லுக்கு 0.104. வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வானவில் அடித்தால் அது வேறு கல்லாக இருக்கலாம், லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாய்சனைட்டில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

* * *

நான் வாங்கியது முட்டை வடிவம். வைரங்களுக்குத் தரச் சான்று தரும் ஜிஐஏ நிறுவனத்தின் சர்ட்டிபிகேட்டில், நான் வாங்கியபோது இந்த வடிவத்துக்குக் கட் தரமே இல்லை. 2006-ல் அவர்கள் கொண்டுவந்த கட் தர முறை உருண்டைக் கல்லுக்கு உரியது. அதனால் கண்தான் துணை. முட்டைக் கல்லின் நடுவே குறுக்காக, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு கறுப்பு விழும். ஓரளவு எல்லாக் கல்லிலும் உண்டு. அசைக்கும்போது அந்தக் கறுப்பு வெளுத்து வெளுத்து வந்தால் சரி. எப்படிச் சாய்த்தாலும் அங்கேயே கிடந்தால் விட்டுவிடுங்கள். நான் இரண்டு கற்களை அதற்காகவே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். பரவாயில்லை, ஆயுளுக்கும் அணியப் போவது நான்.

* * *

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அடிப்பட்டைகள் கண்ணாடியாக வேலை செய்யாது. முகத்துக்குப் போடும் கிரீம் போதும், ஒரே வாரத்தில் கல்லின் மினுக்கம் மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பிரஷ். முக்கியமாகக் கல்லின் அடிப்பக்கம்.

* * *

நன்றி தம்பி, நன்றி தோழிகளே. நேற்று இரவே பழைய மோதிரத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். அடியிலிருந்து வெள்ளைப் பசையாக அழுக்கு வந்தது. இன்று காலை அதே ஜன்னலோரம் பார்த்தேன். ஓரப் பட்டைகள் பளிச்சென்று எழுந்திருக்கின்றன. நடுவில் இருந்த கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.