கிளார்க்: குமாஸ்தாவா, குருவா, கணக்கரா?

மடல் 1 · மொழிபெயர்ப்பவர், திருச்சி

குழுமத்தாருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டிய பாடம் ஒன்று கையில் இருக்கிறது. தமிழ்வழியில் வரலாறு படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கானது. இடைக்கால இங்கிலாந்தின் நீதிமுறை பற்றியது. பழைய வரைவில் ஒரு வரி: "கொலை செய்தவன் தான் ஒரு குமாஸ்தா என்று சொல்லிவிட்டதால் அரசனின் நீதிமன்றம் அவனைத் தூக்கிலிட முடியவில்லை." வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "குமாஸ்தாவுக்கு மட்டும் ஏன் மேடம் தூக்கு கிடையாது?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

ஆங்கிலத்தில் 'கிளார்க்' (clerk) என்று இருந்ததைத்தான் அங்கே குமாஸ்தா ஆக்கியிருக்கிறது. அந்தக் காலத்துக் கிளார்க் கோப்பு பார்ப்பவர் அல்லர். உச்சந்தலையை வட்டமாக மழித்துத் திருச்சபைக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டவர், இலத்தீன் படித்தவர். ஆக்ஸ்போர்டு மாணவரும் கிளார்க், ஆயரின் கீழிருந்தவரும் கிளார்க், அரசனுக்கு ஓலை எழுதியவரும் கிளார்க். பாடத்தில் இருபது இடங்களுக்கு மேல் வருகிறது. இடத்துக்கு ஒரு சொல் போட்டால், அரசனின் தூக்குக்குத் தப்பும் ஒரே சலுகையை ஏன் எல்லாரும் கேட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரியாது. ஒரே சொல் வேண்டும்.

மடல் 2 · சென்னை

அம்மையீர், குமாஸ்தா பாரசீகச் சொல். அதை எடுத்தெறிந்தது நன்று. 'எழுத்தர்' இருக்க வேறு தேடுவானேன்? அரசாணைகளில் நிலைபெற்ற சொல். எழுத்தறிவுதான் அந்தச் சலுகைக்கு அடிப்படை என்றால் எழுத்து என்ற வேரே போதும்.

மடல் 3 · திருச்சபை வரலாறு கற்பித்தவர், பாளையங்கோட்டை

ஐயா சொல்வது பாதிதான் சரி. எழுதுவது அவர்களில் சிலருடைய வேலை. எல்லாருக்கும் பொதுவானது நிலை. முடிமழித்த நாளிலிருந்து ஒருவர் கிளார்க். வாயில்காப்பவர், வாசகர் போன்ற சிறு நிலைகளில் இருந்தவர்கள் மணம் செய்துகொள்ளவும் முடிந்தது. ஆகையால் 'குரு' (பாதிரியார்) என்று போட்டுவிடாதீர்கள். தாமஸ் பெக்கெட்டையே பாருங்கள்: காண்டர்பரிப் பேராயரிடம் கிளார்க்காகச் சேர்ந்தவர், பிறகு இரண்டாம் ஹென்றியின் அரசவையில் சான்சலர். அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1162 ஜூன் 2-ம் நாள், பேராயராக அபிஷேகம் பெறுவதற்கு முந்தின நாள்! அதுவரை கிளார்க், குரு அல்லர். குற்றம் செய்த கிளார்க்கை யார் தண்டிப்பது, அரசனா திருச்சபையா என்ற வழக்கில்தான் அரசனும் அவரும் முட்டிக்கொண்டார்கள். 1164-ல் திருச்சபை மீது அரசனின் பிடியை இறுக்கிய கிளாரண்டன் சட்டங்கள், 1170 டிசம்பர் 29-ல் பேராலயத்துக்குள் பெக்கெட் கொலை.

அதன்பின் அரசன் இறங்கிவர வேண்டியதாயிற்று. சலுகை நிலைத்தது. நாளடைவில், மழித்த தலையைக் காட்டுவது போய், வாசித்துக் காட்டினால் போதும் என்றானது. நீதிபதி சங்கீதப் புத்தகத்தை நீட்டுவார். வழக்கமாக 51-ம் சங்கீதத்தின் முதல் வசனம். நம் பைபிளில் "தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்" என்று வருவது. அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர் விழுந்தது, கழுத்தைக் காப்பாற்றியதால். எழுத்துத் தெரியாதவனும் உருப்போட்டு வந்து ஒப்பித்துத் தப்பியிருக்கிறான். 1489-ல் ஒரு சட்டம்: உண்மையில் திருநிலை பெறாதவனுக்கு ஒரு முறைதான் சலுகை, அடையாளமாகக் கட்டைவிரலில் சூடு. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-ல் ஒரு நடிகரைக் கொன்றுவிட்டு இப்படித்தான் விரலில் சூட்டோடு வெளியே வந்தார். இங்கிலாந்தில் இது முற்றும் ஒழிந்தது 1827-ல்.

வேர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'கிளேரோஸ்' என்றால் சீட்டு. சீட்டால் விழுந்த பங்கு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள். இஸ்ரவேலரில் ஆலயப் பணிக்குரிய குலத்தாரான லேவியருக்கு நிலத்தில் பங்கில்லை, கர்த்தரே அவர்கள் பங்கு என்ற எண்ணமும் இதில் சேரும். அவர்கள் கர்த்தரின் பங்கு, அல்லது கர்த்தரே அவர்கள் பங்கு என்று புனித ஜெரோம் விளக்குகிறார். நம் கத்தோலிக்கர் ஒரு கோயிலையும் அதன் மக்களையும் 'பங்கு' என்றும் அதன் குருவைப் 'பங்குத்தந்தை' என்றும் சொல்வதை நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை, ஆனால் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. என் பரிந்துரை: திருநிலையினர்.

மடல் 4 · யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கம் 'கிளாக்கர்' எண்டுதான் பேச்சு. கந்தோர்க் கடிதங்களில 'எழுதுவினைஞர்', அதற்கு முதல் 'இலிகிதர்'. மூண்டும் மேசை வேலையைத்தான் காட்டும், உங்கட பாடத்துக்கு உதவாது. சீட்டு எண்டதும் 919, 921-ம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின்ர குடவோலை ஞாபகம் வந்தது. 'ஓலையர்' எண்டு சொன்னால் என்ன? ஓலை எழுதினவர், ஓலையில தெரிஞ்செடுக்கப்பட்டவர், ரெண்டும் வரும்.

மடல் 5 · தமிழாசிரியர், தஞ்சாவூர்

குழுமத்தீரே, இத்தனை தூரம் போக வேண்டாம். சொல் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது: கணக்கர்.

கணக்கர் என்றதும் வரவுசெலவுப் புத்தகம் நினைவுக்கு வருகிறதல்லவா? அது பின்னால் வந்த சுருக்கம். கணக்கு என்றால் நூல். பதினெண்கீழ்க்கணக்கில் எந்தக் கூட்டலும் கழித்தலும் இல்லை. நாலடியார் அந்திப் பொழுதை "ஓலைக் கணக்கர் ஒலியடங்கு புன்செக்கர்" என்று காட்டுகிறது. சுவடி படிப்போரின் இரைச்சல் ஓய்ந்த செவ்வானம். அங்கே கணக்கர் பள்ளியில் படிப்போர். அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் கணக்காயர். அதே நாலடியார் "கணக்காயர் பாடத்தால்" என்கிறது.

சமயத்துக்கு வாருங்கள். மணிமேகலையின் விழாவறை காதை "சமயக் கணக்கரும் தந்துறை போகிய அமயக் கணக்கரும்" என்று ஒரே மூச்சில் சொல்கிறது. சமயநூல் வல்லாரும் காலம் கணிப்பாரும் ஒரே சொல்லுக்குள். 27-ம் காதையின் பெயரே 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. வஞ்சியில் அளவைவாதி முதல் பூதவாதி வரை வரிசையாக நின்று தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். அரசவைக்கு வந்தால் சிலம்பின் அழற்படு காதையில் "காவிதி மந்திரக் கணக்கர்" அரசவைச் சுற்றத்தார் வரிசையில் இருக்கிறார்.

மாணவர், சமயப் புலவர், அரசவையாளர். திருச்சி அம்மா கேட்ட மூன்றும் இதில் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். ஆங்கிலச் சொல் திருச்சபையில் தொடங்கி, படித்தவர் என்று விரிந்து, கடைசியில் அலுவலக மேசைக்கு இறங்கியது. நம் சொல்லும் சமய வாதத்திலும் சுவடியிலும் புழங்கிவிட்டுக் கிராமக் கணக்கரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் வந்து நின்றது. இவ்வளவு பொருத்தமாக இரண்டு சொற்கள் ஒரே படிக்கட்டில் இறங்குவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்குவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மடல் 6 · சென்னை

சான்றுகள் அழகு, ஐயா. ஆனால் மாணவி மணிமேகலை உரையோடு வகுப்புக்கு வருவதில்லை. "கணக்கருக்கு ஏன் தூக்கு இல்லை?" என்று அவளே மறுபடியும் கேட்பாள். தவிர, வடமொழிக் 'கணக' என்பதோடு ஒப்பிட்டு இதை அயற்சொல் என்பாரும் உண்டு. கண், கணி, கணக்கு என்று நம் வேரிலேயே இதற்கு வழி இருக்கிறது என்பது என் துணிபு; தனி இழையில் விரிவாக எழுதுவேன். இப்போதைக்கு 'நூலோர்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தூய சொல், குழப்பமில்லாதது.

மடல் 7 · பாளையங்கோட்டை

நூலோர் என்றால் பூணூல் தோளில் ஏறிவிடும், ஐயா. இங்கிலாந்தின் முடிமழிப்பை நம் ஊர்ச் சாதியோடு பிணைத்துவிடும் எந்தச் சொல்லும் வேண்டாம். ஓதுவார் என்று யாரும் சொல்வதற்கு முன்பே அதையும் மறுத்துவிடுகிறேன். அவர் தேவாரம் பாடுபவர்.

கிளார்க்குக்கு எதிர்ச்சொல்லாக அன்று ஆங்கிலத்தில் இருந்தது 'லூட்' (lewd). இன்று அதற்குக் காமவெறி என்று பொருள். அன்று வெறுமனே பொதுநிலையினர், பிறகு இலத்தீன் அறியாத பாமரர். படித்தவர்கள் கையில் பேனா இருந்ததால் படிக்காதவரின் பெயர் இப்படிக் கெட்டுப்போயிற்றோ என்று எனக்கு எப்போதும் ஒரு துக்கம் உண்டு. நம் 'நாற்றம்' மணத்திலிருந்து இறங்கியதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

கணக்கர் என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தனியாக நிற்காது. முன்னே ஏதாவது வேண்டும்.

மடல் 8 · தஞ்சாவூர்

மறைக்கணக்கர்? 'சமயக் கணக்கர்' என்றே போட்டாலும் எனக்கு மகிழ்ச்சி. முதலிடத்தில் முழுச்சொல்லும் இரண்டு வரி விளக்கமும். அப்புறம் வெறும் கணக்கர்.

மடல் 9 · யாழ்ப்பாணம்

'மறை' எண்டால் இரகசியக் கணக்கு எண்டும் வாசிப்பினம், ஐயா. கறுப்புப் பணம் மாதிரி. சமயக் கணக்கருக்கு என்ர வாக்கு. ஓலையரைத் திருப்பி எடுக்கிறன்.

மடல் 10 · திருச்சி

அனைவருக்கும் நன்றி. இரவு பதினொன்றரை. நால்வரில் இருவர் சமயக் கணக்கருக்கு, ஒருவர் அரைமனதாக. அதையே போட்டுவிட்டேன். முதல் இடத்தில் முடிமழிப்பு, இலத்தீன், ஆக்ஸ்போர்டு, அரசவை என்று நான்கையும் ஒரே பத்தியில் விளக்கியிருக்கிறேன். பெக்கெட் பகுதியில் "அப்போது அவர் சமயக் கணக்கர், இன்னும் குருவாகவில்லை" என்று எழுதியபோது வாக்கியம் தானாகவே உட்கார்ந்துகொண்டது. சலுகையின் பெயருக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை: 'கணக்கர் காப்பு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணி வரை மாற்றலாம்.

மடல் 11 · சென்னை

கணக்கர் காப்பு என்றால் கணக்காளர் ஆயுள் காப்பீடு என்றே படிப்பார்கள், அம்மையீர். 'எழுத்தறி விலக்கு' என்று திருத்தக் கோருகிறேன். சமயக் கணக்கருக்கு என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். வேர் பற்றிய இழையை ஞாயிறன்று தொடங்குகிறேன்.