நெதர்ன்-ஆன்-த-ஹில்: பழைய மருத்துவமனையைத் தேடி வந்தவர்

கூல்ஸ்டன்வாசி:
இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஹூலிக்குப் பக்கத்தில் குன்றின்மேல் இருக்கும் இந்தக் கிராமத்தில்தான் குடியிருக்கிறோம். 1909இல் திறந்து 1994இல் மூடிய மனநல மருத்துவமனை இருந்த இடம். சில பழைய கட்டடங்களை அடுக்குமாடி வீடுகளாக்கி, மீதியை இடித்துப் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள்.

போன கோடையில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் மாடி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஓவியக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்றார். அவருடைய பெரியம்மா இங்கே பல வருடம் நோயாளியாக இருந்தவராம், வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுக்க மாட்டார்களாம், தாயார் இறந்த பிறகு கிடைத்த கடிதங்களில்தான் இங்கே படம் வரைந்த விஷயம் தெரிந்ததாம்.

அன்றிரவே தேடிப் படித்தேன். எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் 1946 முதல் 1981 வரை இங்கே நோயாளிகளை வரைய வைத்திருக்கிறார். அவரை வேலைக்கு எடுத்தவர் அப்போதைய தலைமை மருத்துவர் எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ். ஆடம்சன் இப்படி வரை, அப்படி வரை என்று சொல்லிக்கொடுப்பதும் இல்லை, படத்துக்கு அர்த்தம் சொல்வதும் இல்லை. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் குரெலெக்கூட 1950களில் இங்கே நோயாளிதான். இங்கே வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் இப்போது லண்டனில் உள்ள அருங்காட்சியகமான வெல்கம் கலெக்‌ஷனில் இருக்கின்றன என்று அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். வீடு விற்கும்போது மரங்களையும் காற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள், இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

குரோய்டன் அக்கா:
தம்பி, நான் 70களில் யாழ்ப்பாணத்திலிருந்து மனநலத் தாதிப் பயிற்சிக்கு வந்தவள். வேலை செய்தது வேறு மருத்துவமனையில், ஆனால் அதுவும் இப்படித்தான், ஊருக்கு வெளியே தனி உலகம். எங்களோடு மலேசியா, மொரீஷியஸ் பிள்ளைகளும் இருந்தார்கள். பெரிய மனநல மருத்துவமனைகளை மூடுவோம் என்று சுகாதார அமைச்சர் எனோக் பவல் 1961இலேயே பேசியும் நான் போனபோது வார்டுகள் நிறைந்துதான் இருந்தன. தேநீர் பாலும் சீனியும் கலந்தே பெரிய பாத்திரத்தில் வரும். முப்பது வருடம் அதைக் குடித்த ஒருவரிடம் எத்தனை சீனி என்று கேட்டேன், பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தையே பார்த்தார். இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த அம்மாவிடம் பெரியம்மா எந்த வருடம் இறந்தார் என்று கேளுங்கள். நெதர்னுக்கென்று தனி இடுகாடு பக்கத்திலேயே உண்டு, நூற்றுக்கணக்கானவர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள். மருத்துவமனை ஆவணங்கள் வோக்கிங்கில் சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. இரத்த உறவு என்று சொல்லி அவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.